காக்குமா கைத்துப்பாக்கி?

1925ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், இரவு. அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரம். மோட்டார் வண்டிகளை உலகுக்கெல்லாம் செய்தளித்துச் செல்வம் குவித்த பெருநகரம். அங்கே கார்லண்டு தெருவில் ஒரு வீடு. முதல் நாள்தான் ஒரு குடும்பம் அதிலே குடியேறியிருக்கிறது. விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன. கதவுகள் தாழிடப்பட்டுவிட்டன. சாளரத் திரைகளின் ஓரத்திலே நின்று, உள்ளே இருப்போர் வெளியே பார்க்கின்றனர். வெளியே கூட்டம்! நூற்றுக்கணக்கில் கூட்டம்! கல் ஒன்று வந்து விழுகிறது. பிறகு மற்றொன்று. பிறகு கல்மழை! சாளரக் கண்ணாடி நொறுங்குகிறது.

அந்த வீட்டுக்காரர் யார்? திருடரா? இல்லை, டாக்டர். கல்வியற்றவரா? இல்லை, வியன்னாவுக்கும் பாரிசுக்கும் சென்று மேற்படிப்புப் பெற்றுத் திரும்பியவர். பிறர் வீட்டைப் பறித்துக்கொண்டவரா? இல்லை, 18,500 டாலர் விலை பேசி வாங்கியவர். பின் அவர் செய்த குற்றந்தான் என்ன? வெள்ளையர் வாழும் தெருவிலே வீடு வாங்கினார். அவருடைய தோலோ கறுப்பு! அது போதாதா, கல்லெறிய? ஓசியன் ஸ்வீட் என்பது அவர் பெயர்.

அவர் வீட்டிலே துப்பாக்கிகள் இருந்தன. அந்த இரவு அவை வெடித்தன. தெருவிலே ஒரு வெள்ளையர் மாண்டார், மற்றொருவர் காயமுற்றார். அதுவரை கூட்டத்தின் அருகே கைகட்டி நின்றிருந்த போலீசார், அப்போதுதான் கடமை நினைவுக்கு வந்தவர்களாய் வீட்டினுள்ளே நுழைந்தனர். டாக்டர், அவர் மனைவி கிளாடிஸ், தம்பிமார், நண்பர்கள் ஆகிய 11 பேரும் கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

இந்த வழக்கின் முடிவைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், அந்த வீட்டுக்குள்ளே அந்தத் துப்பாக்கிகள் எப்படி வந்தன, ஏன் வந்தன என்பதைத் தெரிந்துகொள்ள, நூறாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

"தற்காப்புக்கு நம்பத்தகுந்த கைத்துப்பாக்கி எது?" என்பது அமெரிக்க நாட்டிலே இன்றும் துப்பாக்கிக் கடைகளில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி. கத்தரிக்காய் முற்றலா இளசா என்று கிள்ளிப் பார்ப்பதுபோல, எடுத்துப் பார்த்து, எடை பார்த்து, விலை பார்த்து, கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுபோலத் தெரிகிறது. ஆனால், அதனுள்ளே மூன்று கேள்விகள் மறைந்துள்ளன. பொறி நம்பத்தகுந்ததா? அதை ஏந்தும் உரிமை யாருக்கு? ஏந்தியவனை அது உண்மையிலேயே காக்கிறதா? முதல் கேள்விக்குக் கொல்லர்கள் விடை கண்டனர். இரண்டாவதற்கு ஆண்டோர் தமக்கு வேண்டிய விடையை எழுதிக்கொண்டனர். மூன்றாவதை எழுப்பவேண்டியது பகுத்தறிவு. ஒவ்வொன்றாகக் காண்போம்.

பொறியின் கதை

பழங்காலக் கைத்துப்பாக்கியிலே நெருப்பு உண்டாக்கியது சக்கிமுக்கிக் கல். கல், எஃகின்மீது உராயவேண்டும், பொறி பறக்கவேண்டும், திறந்த கிண்ணத்திலுள்ள மருந்து பற்றவேண்டும், அதன் வழியே குழலின் உள்ளிருக்கும் மருந்து வெடிக்கவேண்டும். மழை பெய்தால் மருந்து நனையும். காற்று வீசினால் மருந்து பறக்கும். ஆகவே, அந்தத் துப்பாக்கியை நம்பியவன் வானத்தையும் சேர்த்து நம்பவேண்டியிருந்தது!

இந்த நிலையை மாற்றியவர், வியப்பாக இருக்கும், ஒரு பாதிரியார்! ஸ்காத்துலாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் பார்சைத். பறவை வேட்டையில் விருப்பம் கொண்டவர். கிண்ணத்து மருந்தின் பளிச்சொளி கண்டு பறவைகள் குண்டு வருமுன்னே பறந்துவிடுகின்றனவே என்று வருந்தினார். தொழுகை செய்து பார்க்கவில்லை. ஆராய்ச்சி செய்து பார்த்தார். தட்டினாலே வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டு, 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து பிறந்ததுதான் பின்னாளில் வந்த சிறு செம்புத் தொப்பி. மழையிலும் வெடிக்கும் துப்பாக்கி கிடைத்தது.

அடுத்து வந்தவர் சாமுவேல் கோல்ட். ஒருமுறை சுட்டதும் மீண்டும் மருந்து இடிக்க வேண்டிய தொல்லையை ஒழிக்க, சுழலும் உருளையிலே பல அறைகளை அமைத்து, 1836ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உலகம் உடனே அவரைத் தோளில் தூக்கிக்கொள்ளவில்லை. பேட்டர்சன் நகரிலிருந்த அவருடைய தொழிற்கூடம் 1842இல் நொடித்துப்போயிற்று. மெக்சிகோ நாட்டுடன் போர் மூண்ட பிறகு, டெக்சாஸ் படைவீரர் சாமுவேல் வாக்கரின் முயற்சியால் ஆயிரம் சுழல் துப்பாக்கிகள் வேண்டுமென்று அரசாங்கம் கேட்டது. 1847இல் அவை உருவாயின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை! இடுப்பில் தொங்கவிடுவதைவிடக் குதிரையின் சேணத்தில் தொங்கவிடுவதே எளிது. சிலவற்றின் உருளை, சுட்டவன் கையிலேயே வெடித்துச் சிதறியதும் உண்டு. எதிரியைக் கொல்லவந்தது எசமானனையே பதம் பார்த்தது!

1857இல் ஸ்மித், வெசன் என்னும் இருவர் வெளியிட்ட சிறு சுழல் துப்பாக்கி, மருந்தும் குண்டும் தொப்பியும் ஒன்றாக அடைபட்ட உலோகத் தோட்டாவைப் பின்பக்கமிருந்து இடும் முறையைக் கொண்டுவந்தது. 1899இல் அதே நிறுவனம் வெளியிட்ட 38 அளவுச் சுழல் துப்பாக்கியும், அதன் வழிவந்தவையும், மூன்று தலைமுறைக் காலம் அமெரிக்கப் போலீசாரின் இடுப்பிலே இருந்தன. காரணம், எளிமை. ஒரு தோட்டா வெடிக்காமற்போனால், விசையை மீண்டும் இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். பதறிய கைக்கும் பயன்படும் பொறி அது.

தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலோ வேறு வகை. ஒரு வெடிப்பின் வேகத்தைக்கொண்டே வெற்றுறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே இழுக்கும். வேகம் மிகுதி; ஆனால் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. 1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஜான் பிரௌனிங் வகுத்த பிஸ்டலை அமெரிக்க இராணுவம் சோதித்தது. 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது தண்ணீரில் அமிழ்த்திக் குளிர்வித்து மீண்டும் சுட்டனர். ஒருமுறைகூடச் சிக்கவில்லை! போட்டியிட்ட மற்றொரு பிஸ்டலோ 37 முறை தடுமாறிற்று. பிரௌனிங்கின் பிஸ்டலே அம்மாதமே ஏற்கப்பட்டது.

1982இல் ஆஸ்திரிய இராணுவம், காஸ்டன் கிளாக் என்பவர் வகுத்த, வார்ப்புப் பிளாஸ்டிக்கு உடலைக்கொண்ட பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. அவர் அதற்கு முன்னர்த் துப்பாக்கியே செய்தவரல்லர்! 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் மயாமி நகரில், கொள்ளையர் இருவருடன் நடந்த சண்டையில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் இருவர் மாண்டனர். அதன்பின் சுழல் துப்பாக்கியைக் கைவிட்டுத் தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறும் எண்ணம் அமெரிக்கப் போலீசாரிடையே வேகமாகப் பரவிற்று.

ஆகவே, முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சோதித்துத் தேர்ந்த பொறியாக இருக்கவேண்டும்; ஏந்துபவனின் கைக்கு அடங்கவேண்டும்; அவன் இடப்போகும் தோட்டாவையே இட்டுப் பலநூறு முறை சுட்டுப் பார்த்திருக்கவேண்டும்; துடைத்துப் பேணவேண்டும்; குழந்தை கைக்கு எட்டாதபடி பூட்டி வைக்கவேண்டும். அறிந்தோர் கூறும் அறிவுரை இவ்வளவுதான். வெடிக்கவேண்டிய நேரத்தில் வெடிக்கும் துப்பாக்கியை உலகம் செய்துவிட்டது. யாருக்காகச் செய்தது?

சமமாக்கியவர் யார்?

ஆண்டவன் மனிதரைப் படைத்தான், கோல்ட் அவர்களைச் சமமாக்கினார் என்றொரு பழமொழி அமெரிக்காவிலே வழங்கிற்று. படைத்தவன் செய்ய மறந்ததைக் கொல்லன் செய்து முடித்தான் என்று பொருள்! வேடிக்கையான பேச்சு, ஆனால் உண்மைதானா?

கோல்ட் தம் தொழிலிலே கொழித்திருந்த 1860இல், அதே நாட்டிலே ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகள். அவர்களில் எவரைக் கோல்ட்டின் துப்பாக்கி சமமாக்கிற்று? விற்பவன் வெள்ளையன், வாங்குபவன் வெள்ளையன், குறிபார்க்கப்பட்டவன் பலபோது கறுப்பன். கறுப்பர் ஆயுதம் ஏந்தலாகாது என்று வர்ஜினியாவிலே சட்டம் எழுதப்பட்டது 1680இல்! மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை மீறப்படலாகாது என்று அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் முழங்கியது 1791இல். தடை மூத்தது, உரிமை இளையது. உரிமை பிறந்தபோதும், தடை இறக்கவில்லை.

1857இல் டிரெட் ஸ்காட் என்னும் அடிமையின் வழக்கிலே, தலைமை நீதிபதி டானி ஒளிவுமறைவின்றி எழுதினார். கறுப்பரைக் குடிமக்கள் என்று ஒப்பினால் என்னென்ன கேடு விளையும் என்று பட்டியலிட்டார். விரும்பிய இடத்துக்குச் செல்வார்கள், பொதுக்கூட்டம் போடுவார்கள், போகுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்துவார்கள்! ஆகவே, அவர்கள் குடிமக்களல்லர் என்றார். எப்படி இருக்கிறது நீதி? உரிமை கேட்டுவிடுவான், ஆகையால் அவன் மனிதக் கணக்கிலே சேரமாட்டான் என்பதல்லவா இதன் பொருள்?

உள்நாட்டுப் போர் மூண்டது, அடிமை முறை ஒழிந்தது, ஆனால் ஏட்டிலே. 1865இல் மிசிசிப்பி மாநிலம் புதுச் சட்டம் செய்தது. படையில் இல்லாத, உரிமம் பெறாத எந்த விடுதலை பெற்ற கறுப்பரும் துப்பாக்கியோ தோட்டாவோ குத்துவாளோ வைத்திருக்கலாகாது என்றது. உரிமம் தருபவர் யார்? நேற்றுவரை எசமானராக இருந்தவர்!

1873ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஏசு உயிர்த்தெழுந்ததாகக் கொண்டாடப்படும் ஞாயிற்றுக்கிழமை. லூசியானா மாநிலத்துக் கோல்பாக்சு என்னும் ஊரில், நீதிமன்றக் கட்டிடத்தைக் காத்துநின்ற கறுப்பர்களை வெள்ளையர் படை சூழ்ந்தது. சரணடைந்தோரும் கொல்லப்பட்டனர். மாண்டோர் எத்தனைபேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன; அறுபது அளவில் சொல்வோரும் உண்டு, நூற்றைம்பது என்போரும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1876இல் தீர்ப்பு வந்தது. ஆயுதம் ஏந்தும் உரிமை மத்திய அரசைக் கட்டுப்படுத்துமே தவிர, தனி மனிதர் அதைப் பறித்தால் மத்திய அரசு தலையிடாது என்றது அத்தீர்ப்பு. கொன்றவர் தப்பினர். உயிர்த்தெழுந்த நாளில் மாண்டவர்கள் உயிர்த்தெழவில்லை!

நல்ல துப்பாக்கி என்னும் பொல்லாத சட்டம்

இங்கேதான் நம் கேள்வி, வரலாற்றின் நடுவே வந்து நிற்கிறது. கறுப்பருக்குத் துப்பாக்கி கூடாது என்று வெளிப்படையாக எழுதினால், போருக்குப்பின் வந்த 14ஆவது திருத்தம் குறுக்கே நிற்கும். ஆகவே, சூழ்ச்சிக்காரர்கள் தரத்தைப்பற்றிப் பேசத் தொடங்கினர்.

1879இல் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. தரைப்படையும் கடற்படையும் பயன்படுத்தும் வகைப் பிஸ்டல் தவிர வேறெந்தப் பிஸ்டலும் விற்கப்படலாகாது! 1881இல் ஆர்க்கன்சாசும் அவ்வழியே சென்றது. பார்த்தால் பொதுநலச் சட்டம். மட்டமான பொருளை விலக்கி, மாண்புள்ள பொருளை மட்டும் அனுமதிக்கும் சட்டம். இனத்தின் பெயர் எங்குமில்லை. ஆனால், இராணுவ வகைத் துப்பாக்கியின் விலை என்ன? பருத்திக் காட்டிலே நாளெல்லாம் குனிந்து, ஆண்டிறுதியில் கடன்சீட்டோடு வீடு திரும்பும் ஏழையால் வாங்கக்கூடிய விலையா அது? போரிலே படை அதிகாரிகளாக இருந்த வெள்ளையரிடமோ அந்த வகை முன்பே இருந்தது. மலிவானது மறைந்தது, நல்லது எட்டாக்கனியாயிற்று. அந்தச் சட்டத்திலே ஏழை வெள்ளையனும் சேர்ந்தே சிக்கினான் என்பதையும் மறக்கலாகாது.

மலிவுத் துப்பாக்கி நல்லதென்று நாம் வாதாடவில்லை. அது வெடிக்கவேண்டிய போது வெடிக்காது. வெடிக்கக்கூடாத போது வெடிக்கும். ஆனால், சட்டத்தைப் படிக்கும்போது அதிலே எழுதியிருப்பதை மட்டுமல்ல, அது யாரைத் தொடும், யாரைத் தொடாது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இந்தப் பாடத்தை டென்னசி நமக்குத் தருகிறது.

இதழாசிரியர் வாங்கிய பிஸ்டல்

அதே டென்னசியின் மெம்பிஸ் நகரில், 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மூன்று கறுப்பர்கள் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் தாமஸ் மாஸ் என்பவர் மளிகைக் கடை வைத்தவர். வெள்ளையன் கடைக்கு எதிரே அந்தக் கடை செழித்ததுதான் பகைக்கு வித்து. அவருடைய நண்பர் ஓர் இளம்பெண், "பிரீ ஸ்பீச்" என்னும் இதழின் ஆசிரியர், ஐடா வெல்ஸ்.

மாஸ் கொல்லப்பட்டதும் அவர் செய்த முதற்காரியம், ஒரு பிஸ்டல் வாங்கியது. நாயைப்போல் சாவதைவிட எதிர்த்துநின்று சாவது மேல் என்று எண்ணியதாக அவரே பின்னர் எழுதினார். கறுப்பர் வீடு ஒவ்வொன்றிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்குச் சிறப்பிடம் இருக்கவேண்டும் என்றும், சட்டம் தர மறுக்கும் காப்பை அதனிடம் பெறவேண்டும் என்றும் அவ்வாண்டே வெளியிட்ட சிறுநூலில் எழுதினார். கவனியுங்கள், சட்டம் மறுக்கும்போது! சட்டத்துக்கு மாற்றாக அல்ல. சட்டம் இல்லாத குறையினால்.

அவரிடம் பிஸ்டல் இருந்தது. ஆனாலும் அவ்வாண்டு மே திங்களில், அவர் வெளியூர் சென்றிருந்தபோது, கும்பல் புகுந்து அவருடைய அச்சகத்தை அழித்தது. திரும்பிவந்தால் கொல்வோம் என்றது. அவர் திரும்பவில்லை. ஆனால் ஓயவுமில்லை. ஊரூராகச் சென்று, கொலைகளின் விவரங்களைத் தேடி, வெள்ளையர் இதழ்களே வெளியிட்ட செய்திகளைக் கொண்டு கணக்கெடுத்து, பெண்ணின் மானங்காக்கவே கொல்கிறோம் என்று சொல்லப்பட்ட பொய்யைப் பொடிப்பொடியாக்கினார். இங்கிலாந்து வரை சென்று முழங்கினார். அவருடைய கைப்பையிலிருந்த பிஸ்டலைக் கண்டு அஞ்சியவர் எத்தனைபேரோ நாமறியோம்; அவருடைய பேனாவைக் கண்டு அஞ்சினர் என்பதற்கு உடைக்கப்பட்ட அச்சகமே சாட்சி.

டாரோவின் வாதம்

இப்போது மீண்டும் டெட்ராய்ட் செல்வோம். ஸ்வீட் குடியேறுவதற்குச் சில திங்கள் முன்னர், அதே நகரில் வேறொரு கறுப்பு டாக்டரின் வீட்டைக் கும்பல் சூழ்ந்து, வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு ஓடும்படி செய்திருந்தது. ஸ்வீட் அதை அறிவார். சிறுவனாயிருந்தபோது புளோரிடாவிலே ஒரு கறுப்பர் உயிரோடு எரிக்கப்பட்டதையும் அவர் கண்டவர். அதனால்தான் வீட்டுச் சாமான்களோடு துப்பாக்கிகளும் அந்த வீட்டிலே வந்து இறங்கின.

கறுப்பர் முன்னேற்றச் சங்கம் அவர்களுக்காக வழக்காட அழைத்தது யாரை? கிளாரன்ஸ் டாரோவை! அதே 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டென்னசியின் டேட்டன் நகரில், குரங்கினின்று மனிதன் என்னும் அறிவியலைப் பள்ளியில் கற்பித்த ஆசிரியர் ஸ்கோப்சுக்காக வாதாடி, வேதநூல் வாதிகளைத் திணறவைத்த அதே பகுத்தறிவாளர்.

டாரோ என்ன செய்தார்? துப்பாக்கியைப்பற்றி அதிகம் பேசவில்லை. கூட்டத்தைப்பற்றிப் பேசினார். தெருவில் கூட்டமே இல்லை, சிலர்தான் நின்றனர் என்று அடுக்கடுக்காக வந்து சொன்ன சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் இது என்று அம்பலப்படுத்தினார். பிறகு ஜூரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நிறத்தை மாற்றி எண்ணிப் பாருங்கள். உள்ளே 11 வெள்ளையர், வெளியே கறுப்பர் கும்பல் என்றிருந்தால், வழக்குத் தொடுக்க எவனாவது கனவிலும் நினைப்பானா? பதக்கமல்லவா தந்திருப்பீர்கள்!

ஜூரர் 12 பேரும் வெள்ளையர், எல்லோரும் ஆண்கள். முதல் வழக்கிலே அவர்களால் ஒருமுடிவுக்கு வர இயலவில்லை. டாக்டரின் தம்பி ஹென்றி ஸ்வீட்மீது தனியே இரண்டாம் வழக்கு நடந்தது. ஒருவனுடைய வீடு அவனுடைய கோட்டை, அவன் வெள்ளையனாயினும் கறுப்பனாயினும், என்று ஜூரர்களுக்கு எடுத்துரைத்தார் நீதிபதி பிராங்கு மர்பி. 1926ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தீர்ப்பு வந்தது: குற்றவாளி அல்லர்! 1927இல் ஏனையோர்மீதிருந்த வழக்கும் கைவிடப்பட்டது.

மறுக்கப்பட்ட உரிமம்

முப்பதாண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள். மான்ட்காமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டிலே குண்டு வீசப்பட்டது. மனைவியும் பச்சிளம் குழந்தையும் உள்ளே. இருவரும் தப்பினர். அகிம்சைக்கு அணிகலன் என்று உலகம் பின்னாளில் போற்றிய அந்தக் கிங், துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டு மனுச் செய்தார். மறுக்கப்பட்டது! குண்டு வீசப்பட்ட வீட்டுக்காரருக்கு ஆபத்தில்லை என்று முடிவு செய்தனர் அதிகாரிகள்! அந்நாளில் அவர் வீட்டு நாற்காலியிலே கிடந்த பிஸ்டல்மீது ஒரு செய்தியாளர் தெரியாமல் உட்காரப்போனதும் உண்டு. பிறகு கிங் தாமாகவே எண்ணிப் பார்த்து, துப்பாக்கியை வீட்டைவிட்டு அகற்றினார்.

அவரைக் கோழை என்பார் உண்டா? அதேபோல், 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் கறுப்புத் தொழிலாளரும் போரில் பணியாற்றித் திரும்பியோரும் தற்காப்புச் சங்கம் அமைத்து, இரவிலே துப்பாக்கியோடு காவல் நின்று, உரிமைத் தொண்டர்களைக் காத்தனர். அவர்களை வெறியர் என்று ஒதுக்க முடியுமா? முடியாது. போலீசாரே கொள்ளிக்கட்டையோடு வருவோருக்கு உறவாயிருந்த ஊர் அது. 1967இல் கலிபோர்னியாவிலே கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கி ஏந்திச் சட்டமன்றத்துக்கே வந்தபோதோ, வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் விரைந்து வந்தது; கவர்னர் ரீகன் கையொப்பமிட்டார்.

2008இலும் 2010இலும் 2022இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டது. 2010 வழக்கைத் தொடுத்தவர்களில் முதல்வர் சிகாகோவைச் சேர்ந்த ஓட்டிஸ் மக்டொனால்டு என்னும் முதிய கறுப்பர். ஏட்டிலே சமம் வந்தது. நாட்டிலே? 2016ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டீல் என்னும் கறுப்பு இளைஞரின் காரைப் போலீஸ்காரர் நிறுத்தினார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை இளைஞரே முறைப்படி தெரிவித்தார். உரிமம் பெற்றவர். சில வினாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் 2017இல் விடுவிக்கப்பட்டார். உரிமை ஒன்றுதான், ஏந்தும் கையின் நிறம் வேறு!

எண்களைக் கேட்போம்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். கைத்துப்பாக்கி காக்கிறதா? கடைக்காரனைக் கேட்டால் பயன் இல்லை. கண்ணீர் விடுபவரைக் கேட்டாலும் முழு விடை கிடைக்காது. எண்களைக் கேட்கவேண்டும்.

2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டோர். பாதிக்கு மேல்! கொள்ளையனுக்காக வாங்கப்பட்ட துப்பாக்கி, கூடுதலாகக் கொன்றது உரிமையாளனையும் அவன் உறவினரையும். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 இலட்சம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், இல்லாதவரைவிட 8 மடங்கு; பெண்களோ 35 மடங்கு. 2022இல் வந்த மற்றோர் ஆய்வு, துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்வோர், துணைவராலேயே சுட்டுக் கொல்லப்படும் விகிதம் 7 மடங்கு என்றது. அவ்வாறு மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

மறுதரப்பும் கேட்போம், கேட்காமல் தீர்ப்பளிப்பது பகுத்தறிவன்று. ஆண்டுக்கு 25 இலட்சம் முறை அமெரிக்கர் துப்பாக்கியால் தம்மைக் காத்துக்கொள்கின்றனர் என்று 1995இல் ஓர் ஆய்வு கூறிற்று. சில ஆயிரம் பேரைத் தொலைபேசியில் கேட்டுப் பெருக்கிய கணக்கு அது. அரசாங்கத்தின் குற்றக் கணக்கெடுப்போ ஓர் இலட்சத்துக்கும் குறைவான அளவையே காட்டுகிறது. ஆபத்தில் இருப்பவரே துப்பாக்கி வாங்குகின்றனர், ஆகவே அவர் வீட்டில் சாவு மிகுதி என்ற வாதமும் உண்டு; அதிலே ஓரளவு பொருளும் உண்டு. ஆனால், அந்த வாதம் எல்லாவற்றையும் விழுங்கிவிட முடியாது. மனம் ஒடிந்த ஒரு நொடியில், கைக்கெட்டும் தூரத்தில், ஒருபோதும் தவறாத பொறி இருப்பது எத்தகைய கேடு! நம்பத்தகுந்த துப்பாக்கியின் நம்பகமே அங்கே நஞ்சாகிவிடுகிறது.

இறுதிக் கணக்கு

ஓசியன் ஸ்வீட் என்ன ஆனார்? வழக்கிலே வென்றார், வாழ்விலே தோற்றார். சிறையிலே தொற்றியதாக நம்பப்பட்ட காசநோய், சில ஆண்டுகளுக்குள் அவருடைய சிறு மகளையும் மனைவி கிளாடிசையும் கொண்டுபோயிற்று. தம்பி ஹென்றியும் அதே நோயால் மாண்டார். எந்த வீட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ, அந்த வீட்டை 1958இல் விற்றார். 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், துப்பாக்கியால் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

1925ஆம் ஆண்டின் அந்த இரவிலே, துப்பாக்கி இல்லாதிருந்தால் அவர்கள் அன்றே மாண்டிருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. கல்லெறிபட்டவனுக்கு, எதிர்த்து நிற்காதே என்று உபதேசம் செய்யும் உரிமை எறிபடாதவனுக்கு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். துப்பாக்கி காத்தது ஓர் இரவை. அறிவும் வாதமும் அமைப்பும் காத்தன 11 உயிர்களை. வீட்டையும் தெருவையும் காக்கவேண்டிய சட்டமோ, நிறம் பார்த்து வீடு மறுக்கலாகாது என்னும் சட்டம், 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள்தான் வந்தது. கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குப்பின்! 43 ஆண்டுகள் தாழ்ந்து வந்த அந்தச் சட்டம் 1925இலேயே இருந்து, போலீசார் அதை மதித்திருந்தால், அந்த டாக்டர் மருந்துப் பெட்டியோடு மட்டுமே அந்த வீட்டில் குடியேறியிருப்பார்.

கோல்ட் மனிதரைச் சமமாக்கவில்லை, ஆண்டவனும் ஆக்கவில்லை. சமமாக்கியவர்கள், முழுதும் ஆகாவிட்டாலும் ஓரளவேனும் ஆக்கியவர்கள், எழுதிய வெல்ஸ், வாதாடிய டாரோ, நடந்த கிங், பெயர் தெரியாமல் இரவெல்லாம் விழித்திருந்த எளியோர்.

நம்பத்தகுந்த கைத்துப்பாக்கி எது என்று கேட்கும் இளைஞனை நாம் ஏளனம் செய்யவேண்டாம். அவன் கேட்பது பொறியைப்பற்றியன்று; அச்சத்தைப்பற்றி. இன்றிரவு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டால் யார் வருவார் என்பதே அவனுடைய கேள்வி. எந்தச் சமுதாயத்தில் அதற்கு, அண்டை வீட்டார் வருவார், சட்டம் வரும் என்று ஐயமின்றி விடை கூற முடிகிறதோ, அந்தச் சமுதாயத்தில் துப்பாக்கிக் கடையின் படிக்கட்டிலே புல் முளைக்கும். அந்த விடையைப் படைப்பதுதான் நம் வேலை.